பழைய வேனை வீடாக்கும்போது: அறிகுறி ஓரிடம், கோளாறு வேறிடம்

செங்கோட்டையிலிருந்து மேற்கே போகும் வண்டிக்கு முதல் சோதனை புளியரையில் தொடங்குகிறது. வயல்வெளி முடிந்து எஸ் வளைவு ஆரம்பிக்கும் இடத்தில் கியரைக் குறைத்தே ஆக வேண்டும். கோட்டைவாசலில் மேடு முடியும். அதன் பிறகு ஆரியங்காவு, தென்மலை என்று இறக்கமும் வளைவுமாகப் பாதை புனலூரை நோக்கிப் போகும். ஏற்றத்தில் எஞ்சினின் குணம் தெரியும், இறக்கத்தில் பிரேக்கின் குணம் தெரியும். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு படுத்துறங்கும் கேரவனாக மாற்றி, இந்தப் பாதையில் பல முறை போய்வந்தவன் நான். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை அறிவித்து, அடுத்த ஆண்டு வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவும் திறந்த பிறகு என்னிடம் விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய வேனில் கோளாறு தலைகாட்டும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. விளக்கு மங்கினால் பேட்டரிதான் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. அதனால் எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன், அந்த அறிகுறி எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாதிக் கோளாறு அந்த நோட்டிலேயே பிடிபட்டுவிடும்.

பார்க்கப் போனால் எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருக்கிறது

விற்பவர் வாசலில் வண்டியை உறுமவிட்டு நிற்கிறார். பானெட்டில் கை வைத்தால் சுடுகிறது. அன்று விலை பேசாதீர்கள். "நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை சாவியைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். தேய்ந்த டீசல் எஞ்சின் தன் சோர்வைக் குளிர்ந்த நிலையில்தான் காட்டும். குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணைந்த பிறகும் நெடுநேரம் சுற்றித்தான் பற்றுகிறது என்றால் ஹீட்டர் பிளக்கோ கம்ப்ரஷனோ (சிலிண்டருக்குள் காற்றை இறுக்கும் அழுத்தம்) போயிருக்கலாம். பிளக் மாற்றுவது சின்னச் செலவு, கம்ப்ரஷன் போயிருந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் கவலை இல்லை. குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை பெரும்பாலும் ஏர் ஃபில்டரோ நாசிலோதான், அதற்குப் பயப்பட வேண்டாம். சூடேறிய பிறகும் வெண்புகை விடாமல் வந்தால் மட்டும் கீழே டெம்பரேச்சர் முள் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பழைய ஆர்.சி.யில் தயாரிப்பாளர் பெயர் பஜாஜ் டெம்போ என்று இருந்தால் திகைக்க வேண்டியதில்லை. 1987-இல் டிராவலரைக் கொண்டுவந்த அந்த நிறுவனம்தான் 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. அந்தத் தலைமுறை வேன்களில் இருப்பது மெர்சிடிஸ் பென்ஸ் உரிமத்தில் தயாரான ஓ.எம்.616 வழிவந்த டீசல் எஞ்சின். இந்த எஞ்சினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அதைவிடப் பெரிய உத்தரவாதம் பழைய வண்டிக்குக் கிடையாது.

ஆர்.சி. ஒன்று சொல்கிறது, வண்டி வேறொன்று சொல்கிறது

இருக்கை பதின்மூன்று என்று புத்தகத்தில் இருக்கிறது. உள்ளே இரண்டு கட்டிலும் ஒரு அடுப்பும் இருக்கின்றன. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்பது சட்டத்தில் தனி வகை. ஆகவே கூரையை அறுப்பதற்கும் ஜன்னலை அடைப்பதற்கும் முன்பு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்கிய பிறகே வெல்டரைக் கூப்பிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றம் விபத்து நாளில்தான் பெரிதாகப் பேசப்படும்.

செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரிலும் பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். எங்கள் வீடுகளில் இன்றும் பாதி உறவு புனலூரிலும் கொல்லத்திலும் இருக்கிறது. அதனால் வண்டியும் அந்தப் பக்கம்தான் முதலில் கண்ணில் படும். உறவுக்குள் வாங்கினாலும் காகிதம் முழுதாக வேண்டும். மாநிலம் தாண்டி வரும் வண்டிக்குப் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம், கடன் முடிந்திருந்தால் படிவம் 35. வேறு மாநில எண்ணோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இந்த மாநிலப் பதிவெண் வாங்கியாக வேண்டும். மஞ்சள் போர்டு வண்டி என்றால் பர்மிட்டை ஒப்படைத்துச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிய பிறகு பணத்தைக் கொடுங்கள். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு பரிசோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பதினான்கு வயது வண்டியை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

சேசிஸ் எண்ணை நீங்களே பாருங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மேலே மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் பதியும். அந்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; இல்லாவிட்டால் எண்ணை மாற்றி அடித்திருக்கலாம்.

மேட்டில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

எல்லாவற்றுக்கும் முன்பாக இதைச் செய்யுங்கள்: ஏ.சி.யை அணைத்து, உள் ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி நிறுத்துங்கள். எஞ்சினைச் சட்டென்று அணைக்காமல் ஓரிரு நிமிடம் நிலை ஓட்டத்தில் விடுங்கள். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தால் மட்டும் உடனே அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். முகம் வெந்து போகும்.

பிறகு நோட்டைப் பாருங்கள். முள் எப்போது ஏறியது?

மெதுவாக மேடேறும்போது மட்டும் ஏறி, சமதளத்தில் வேகம் பிடித்ததும் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா, ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு உடைந்து கழற்றி வீசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வண்டியில் மூன்றும் சரியாக இருந்தன. முன் கிரில்லைக் கழற்றி, ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது. அறுவடைக் காலத்தில் புளியரை வயல் ஓரமாக ஓடி ஓடி, நெல் உமியும் பூச்சி இறகுகளும் சேர்ந்து ஒரு கம்பளிபோல அப்பியிருந்தன. விரலால் இழுத்தால் பாளமாக வந்தது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், பிறகு கழுவியும் பலன் இல்லை. அன்று முதல் எஸ் வளைவில் முள் நடுவைத் தாண்டவில்லை.

எந்த வேகத்திலும் ஏறுகிறது என்றால் தண்ணீர் சுழலவில்லை. எஞ்சின் சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். கூலன்ட் இல்லாமல் வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் ரேடியேட்டர் குழாய்கள் உப்பு படிந்து அடைத்திருக்கும். வாட்டர் பம்பும் தேய்ந்திருக்கலாம். இந்த இடத்தில் சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வராமலே ஓடும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும், உண்மையான கோளாறு மறைந்து கிடக்கும். பழைய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, திறக்கிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி. அழுத்தம் இருந்தால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டால் மேட்டில் சீக்கிரமே பொங்கிவிடும். மலிவான பாகம், அதனால் முதலில் அதையே மாற்றிப் பாருங்கள்.

காலையில் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பினால் விடாமல் குமிழி வருகிறதா? ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் களிம்பு இருக்கிறதா? இவை எஞ்சினுக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனதற்கான அடையாளங்கள். அந்த வண்டியை வாங்காதீர்கள். வாங்கியாகிவிட்டது என்றால் மலையேற்றாதீர்கள்.

இன்னொன்று. ஹெட்லைட் போட்டதும் முள் ஏறுகிறது, அணைத்ததும் இறங்குகிறது என்றால் எஞ்சினில் சூடே இல்லை. எர்த் வயர் சரியாகப் பிடிக்கவில்லை. இதற்காக ரேடியேட்டரை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இறக்கத்தில் பிரேக் மாறிவிடுகிறது

இங்கே அவசரம் வேண்டாம். நான்கு விதமாக மாறும், நான்குக்கும் காரணம் வேறு.

இறங்க இறங்க மிதி பஞ்சுபோல் அமுங்கி, அரை மணி நேரம் நின்ற பிறகு மறுபடி கெட்டியாகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் மலையோர மழைக்காலங்களில் கேட்கவே வேண்டாம். புதிய டாட் 3 தர ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு 140-க்கு இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. டிரம்மின் சூடு அங்கே போய்ச் சேர்ந்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள். வாங்கிய வாரமே முதல் முறை மாற்றிவிடுங்கள், விற்பவர் என்ன சொல்லியிருந்தாலும்.

மிதி கல்லாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. எரிந்த வாசம் வந்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. வாசம் இல்லாவிட்டால் மிதிக்கு உதவி செய்யும் பூஸ்டரைப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, மிதியை நான்கைந்து முறை அழுத்திக் கெட்டியாக்கி, காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்புங்கள். மிதி சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வாக்குவம் பம்பிலோ குழாயிலோ பூஸ்டரிலோ கோளாறு. டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டுபவர்கள் இந்த உதவியைத்தான் தாங்களே துண்டித்துக்கொள்கிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

நின்ற இடத்தில் மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லத் தரைக்குப் போகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசிகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஒரு பக்கம் இழுத்தால் அந்த இழுப்பு வரும் பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். பல நேரம் மறுபக்கச் சக்கரத்தில் சிலிண்டர் கசிந்து லைனிங்கில் ஆயில் பட்டிருக்கும்.

இறக்கத்தில் பிரேக் போவதாகத் தோன்றினால் கியரைக் குறையுங்கள், ஒதுங்கி நில்லுங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய லாரி ஓட்டுநர்களின் கணக்கு இன்றும் சரியானது. பதினேழு கொண்டை ஊசி வளைவு உள்ள போடிமெட்டிலும் அதே கணக்குதான்.

மழை நின்ற பிறகும் தலையணை நனைகிறது

ஜூன் மாதம் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று வந்து சாரலை அடிக்கும்போது எங்கள் பக்கம் மழை மேலிருந்து விழுவதில்லை. கிடையாக வருகிறது. சென்னையில் ஒழுகாத வண்டி செங்கோட்டையில் ஒழுகும்.

எங்கள் வண்டியில் அம்மாவின் தலையணை மூலை மட்டும் நனைந்தது. நேர் மேலே கூரை இணைப்பில் சிலிகான் பூசினேன். அடுத்த மழையிலும் நனைந்தது. மறுபடி பூசினேன். மூன்றாம் முறை டப்பாவை எடுத்தபோது அம்மா தடுத்தார். "தண்ணி எந்த வழியா வருதுன்னு முதல்ல பாரு. உள்ளே கோலமாவு தூவி வை, நனைஞ்ச இடம் தானாத் தெரியும்" என்றார். உட்பக்கப் பிளைவுட்டைக் கழற்றி, கூரை விட்டங்களின் விளிம்பு முழுக்க மாவைத் தூவினோம். வெளியே மகன் ஹோஸ் பிடித்தான். நான் உள்ளே டார்ச்சோடு படுத்திருந்தேன். முதலில் கீழே ஜன்னல் ரப்பர், பத்து நிமிடம். பிறகு ஜன்னலின் மேல் விளிம்பு, பிறகு கூரை ஓரம், கடைசியில் கூரை. கீழிருந்து மேலாகப் போனால்தான் எந்த உயரத்தில் நுழைகிறது என்று சொல்ல முடியும். மேலிருந்து ஊற்றினால் எல்லாமே நனைந்துவிடும். கூரையின் முன்பகுதியில் சாமான் கேரியரின் போல்ட் பக்கம் தண்ணீர் பட்ட சில நிமிடத்தில், வெள்ளை மாவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஊர்ந்தது. விட்டத்தின் உட்புறமாகவே பின்னோக்கி வந்து, அம்மாவின் தலைக்கு மேலிருக்கும் வெல்டிங் இணைப்பில் தேங்கி, அங்கே சொட்டியது. வீட்டு வாசல் சரிவில் வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்பதால் தண்ணீருக்கு அந்த வழி. நுழைந்த இடத்துக்கும் நனைந்த இடத்துக்கும் நடுவே எட்டடி தூரம்.

பழைய சிலிகானின் மேல் எதுவும் ஒட்டாது. அதைப் பிளேடால் முழுதும் சுரண்டி, தின்னரால் துடைத்து, துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகு பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள். போல்ட்டை வெளியே எடுத்து, ஓட்டைக்குள்ளும் வாஷருக்கு அடியிலும் சீலன்ட் வைத்து இறுக்க வேண்டும். வெளியே தலையைச் சுற்றிப் பூசுவது வேலைக்காகாது.

வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளும் வழி: கதவை மூடிவிட்டு உள்ளே பத்து நிமிடம் உட்காருங்கள். புதுப் பெயின்ட் வாசத்துக்கும் ஊதுபத்தி வாசத்துக்கும் அடியில் ஈரத்துணி வாசம் இருக்கிறதா? தரையில் வெறுங்காலோடு நடங்கள். சக்கர வளைவின் ஓரமும் கதவருகேயும் மெத்தென்று அமுங்கினால் பிளைவுட் உளுத்திருக்கிறது. ஜன்னல் ரப்பரின் கீழ் மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பட்டி பார்த்து மூடிய துரு அங்கேதான் முதலில் நொறுங்கும்.

விடியுமுன் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது

முதலில் கணக்கு. கம்ப்ரஸர் வைத்த சின்ன ஃபிரிட்ஜ் ஓடும்போது ஏறத்தாழ 45 வாட். நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட் மணி. 20 வாட் மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம், 320. விளக்குகளுக்கு 40. மொத்தம் 900. 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியில் காகிதக் கணக்கு 1800; ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே கையில் இருப்பது அதே 900. மேகம் மூடிய நாளில் சோலார் பேனல் உதவாது, கணக்கு உதைக்கும். இண்டக்ஷன் அடுப்பு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். 2000 வாட் அடுப்பு 12 வோல்ட்டில், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வேனின் வயரிங்கில் அதை நான் சேர்க்கவில்லை.

கணக்கு சரியாக இருந்தும் நின்றால் மல்டிமீட்டரை எடுங்கள். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் எவ்வளவு, ஃபிரிட்ஜ் சாக்கெட்டில் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேட்டரியைத் தொடாதீர்கள். வயர் மெலிது, அல்லது எர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. எங்கள் வண்டியில் சேசிஸோடு எர்த் சேரும் போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. தேய்த்து இறுக்கியதும் சரியானது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை வராவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

லித்தியம் பேட்டரி போடப்போகிறீர்கள் என்றால் பழைய ஆல்டர்னேட்டரோடு நேரே இணைக்காதீர்கள். லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும்; ஆல்டர்னேட்டர் முழுச் சுமையில் நெடுநேரம் ஓடிச் சூடேறி எரிந்துபோகும். நடுவே, இழுக்கும் மின்னோட்டத்தை அளவோடு நிறுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வயருக்கும் பேட்டரியின் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸ் காப்பது வயரை.

காலையில் எல்லோருக்கும் தலைவலி

இந்த அறிகுறிக்கு மட்டும் நோட்டு, விசாரணை எதுவும் வேண்டாம். கதவுகளைத் திறந்து எல்லோரையும் வெளியே இறக்குங்கள், பிறகு யோசிக்கலாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று கண்டறிந்தார்கள். தூங்கும் வண்டிக்கு அடியிலோ ஓரத்திலோ ஜெனரேட்டர் ஓடக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்கவும் கூடாது. பழைய வேனின் தரையில் முன்பிருந்த இருக்கை போல்ட் ஓட்டைகள், வயர் போன ஓட்டைகள், கியர் கம்பியின் கிழிந்த ரப்பர் என்று புகை நுழைய வழிகள் நிறைய உண்டு. இரவில் உள்ளே இருட்டாக்கி, ஒருவர் அடியில் டார்ச் அடித்தால் ஒளி புள்ளி புள்ளியாகத் தெரியும். அத்தனையையும் அடையுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றைப் படுக்கை உயரத்தில் மாட்டுங்கள்.

சமையல் காஸ் வேறு. அது காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். அதன் அலாரம் தரையோரம் இருக்க வேண்டும். சிலிண்டரை வெளியிலிருந்து திறக்கும் தனிப் பெட்டியில், அடியில் காற்றுத் துளையோடு, பட்டை போட்டு இறுக்கி வையுங்கள். 5 கிலோ சிலிண்டர் போதும். வீட்டில் அசையாமல் இருக்கும் இணைப்பு வண்டியில் நாள் முழுக்க அதிரும்; ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும்.

குழாய் மூடியிருக்கிறது, பம்பு தானாக ஓடுகிறது

எங்கோ கசிகிறது. அழுத்தம் குறையும்போதெல்லாம் பம்பு துடிக்கும். எல்லா இணைப்பிலும் டிஷ்யூ காகிதம் சுற்றிவைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எதுவும் நனையவில்லை என்றால் பம்பின் உள் வால்வில் தூசி சிக்கித் தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது. பம்புக்கு முன்னால் வடிகட்டி இல்லாவிட்டால் ஒன்று வையுங்கள். குடிநீருக்குத் தனிக் கேன் போதும். கழிப்பறைக் கேசட்டைக் கழிப்பறையில் மட்டும் கொட்டுங்கள்; ஓடையும் காடும் அதற்கான இடமல்ல.

வண்டி பின்னால் அமுங்குகிறது, ஸ்டியரிங் லேசாகிவிட்டது

கமான் பட்டை சோர்ந்துவிட்டது என்று புதுப் பட்டை சேர்க்கச் சொல்வார்கள். அதற்கு முன் எடைமேடைக்குப் போங்கள். தண்ணீர், சாமான், குடும்பம் எல்லாவற்றோடும் ஏறி, முன் சக்கரங்களை மட்டும் ஒரு முறை, பின் சக்கரங்களை மட்டும் ஒரு முறை, முழு வண்டியை ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. பெரிய டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல். இரண்டையும் பின் சக்கரத்துக்கும் பின்னால் வைத்தால் முன்பக்கம் தூக்கும், வளைவில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. எங்கள் தண்ணீர்த் தொட்டியை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே மாற்றிய பிறகு பட்டையில் கை வைக்கவே தேவைப்படவில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். ஓடாமல் வெயிலில் நின்ற வேனின் டயர் தேயாமலே கெட்டுப்போகும். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் ஸ்டெப்னியோடு சேர்த்து மாற்றுங்கள்.

பிள்ளை மட்டும் வாந்தி எடுக்கிறது

கட்டிலுக்காக இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் பெஞ்ச் போட்டிருந்தோம். இளையவள் ஆரியங்காவு தாண்டும் முன்பே சோர்ந்து விடுவாள். எலுமிச்சம்பழம், மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். பெஞ்ச்தான் காரணம். பக்கவாட்டில் உட்கார்ந்தவளுக்குப் பாதை தெரியாது, வளைவு வருவது தெரியாது. காது உணரும் அசைவும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகாமல் குமட்டும். அதைவிடப் பெரிய விஷயம், பக்கவாட்டுப் பெஞ்ச் திடீர் பிரேக்கில் யாரையும் தாங்காது.

பெஞ்சை எடுத்துவிட்டு, வண்டியோடு வந்த முன்நோக்கிய இருக்கைகளில் இரண்டு வரிசையைப் பழைய இடத்திலேயே, பழைய போல்ட் ஓட்டைகளிலேயே, மூன்று முனை சீட் பெல்ட்டோடு திருப்பிப் பொருத்தினோம். போல்ட் பிளைவுட்டில் நிற்கக் கூடாது. தரை இரும்பையும் தாண்டி, அடியில் கனமான பட்டைத் தகடு கொடுத்துப் பிடிக்க வேண்டும். இரவில் பெஞ்சைப் படுக்கையாக்கும் வசதி போய்விட்டது, ஒருவர் படுக்கும் இடம் குறைந்தது. இப்போது நான் வெளியே சின்னக் கூடாரத்தில் படுத்துக்கொள்கிறேன். இளையவள் ஜன்னலோரம் பெல்ட் போட்டு உட்கார்ந்து, கழுதுருட்டி அருகே ரயில் பாலத்தின் பதின்மூன்று கண்களையும் எண்ணிக்கொண்டு வருகிறாள். மாதம் ஒரு முறை அந்த இருக்கைகளின் போல்ட்கள் எல்லாவற்றையும் ஸ்பானர் வைத்து இறுக்கிப் பார்க்கிறேன்.